ஞாயிற்றுக்கிழமை இல்லாதவரின் இரண்டு ஆஸ்

குருவிமலை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் ஃபீல்டு ஆபீசர் அருமைநாயகத்தின் கைக்கு ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமையிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு ஆஸ் வரத் தொடங்கியது. ஸ்பேடு ஒன்று, ஆர்ட்டின் ஒன்று. யார் கலைத்தாலும், யார் வெட்டினாலும், யார் போட்டாலும் அந்த இரண்டும் மழைக்கு ஒதுங்குகிறவர்களைப் போல வந்து அவர் கைக்குள் நின்றுகொண்டன. அன்றிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும் இருபது வாரம், இரண்டு ஆஸையும் கையில் வைத்துக்கொண்டு, அவர் தோற்றுக்கொண்டே இருந்தார்.

ஆட்டம் அந்த ஊருடையது அல்ல. அறுபதுகளில் ஃபேக்டரிக்கு டிரையர் மெஷின் பொருத்த வந்த ஓர் அமெரிக்கர் நாலு மாத மழையில் மாட்டிக்கொண்டு, தனக்குப் பைத்தியம் பிடிக்காமலிருக்க ஸ்டாஃப் கிளப்பில் இருந்தவர்களுக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துப் போடவேண்டும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக மேஜை நடுவில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னும் ஒன்று என்று ஐந்து சீட்டை மலர்த்தவேண்டும். தன்னிடமுள்ள இரண்டையும் நடுவிலுள்ள ஐந்தையும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவர் ஜெயித்தார். ஒவ்வொரு தடவை சீட்டு மலர்த்திய பிறகும் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகப் பேசவேண்டும். பந்தயம் வைக்க விரும்பாதவர் மேஜையைத் தட்டி அடுத்தவருக்கு விட்டுவிடலாம்; ஒருவர் பந்தயம் வைத்தால் மற்றவர்கள் அதைக் கட்டிவிட்டு இருக்கலாம், அதன்மேல் ஏற்றலாம், அல்லது சீட்டை எறிந்துவிட்டு வெளியேறலாம். பந்தயம் எவ்வளவு என்பதை அந்த அமெரிக்கரே ஒரு கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்டால் எழுதி சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்: ஒரு தடவைக்கு ஒன்றுதான், ஏற்றுவதானால் மேலே ஒன்று, அதற்கு மேல் கிடையாது. அவர் போய், வெள்ளைக்காரத் துரைகள் போய், எத்தனையோ மானேஜர்கள் வந்து போய், கூரைத் தகரத்தை மூன்று தடவை மாற்றிய பிறகும் அந்தப் பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை.

பந்தயமாக வைத்தது தேயிலை விதை. காசுக்கு ஆடினால் நாளைக்கு முகத்தில் எப்படி முழிப்பது என்று கிளப் செயலாளராக இருந்த ஹெட் கிளார்க் அச்சுதன் நாயர் சொல்லுவார். காசைவிடப் பெரியதற்குத்தான் ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் தூங்கினாலும் ஒருவர் தூங்கக்கூடாது. நாலு டிவிஷனையும் நடந்து சுற்றி வடிகால் அடைத்திருக்கிறதா, யானை எந்தத் தொழிலாளர் லயத்துச் சுவரை இடித்தது, பம்ப் ஓடுகிறதா, ஃபேக்டரிப் பூட்டு பூட்டியபடி இருக்கிறதா என்று பார்த்து மணிக்கொரு தரம் டூட்டி நோட்டில் எழுதவேண்டும். எட்டு ஸ்டாஃபும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மானேஜர் சொல்லியிருந்தார். முறை வைப்பதில் வந்த சண்டை தீராததால், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எட்டுப் பேரும் ஆளுக்கு முப்பது விதையோடு உட்காருவது என்றும், ஐந்தரைச் சங்கு ஊதும்போது யாரிடம் குறைந்த விதை இருக்கிறதோ அவர் மறுநாள் எல்லோருக்குமாக மழையில் நடப்பது என்றும், ஆட வராதவர் பூஜ்யம் வைத்திருப்பதாகக் கொள்ளப்படும் என்றும் ஆயிற்று. ஆட்டத்துக்கு ஆட்டம் எல்லோரும் ஒரு விதையை முன்னாலேயே போட்டுவிடவேண்டும் என்பதால் சும்மா உட்கார்ந்து சீட்டை எறிந்துகொண்டிருந்தும் தப்பிக்க முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு மனிதருக்கு எப்போதும் இரண்டு ஆஸ் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் சூசைமாணிக்கம்தான் முதலில் கவனித்தார். உடனே சீட்டுக்கட்டை மாற்றினார்கள். பொள்ளாச்சியிலிருந்து சீல் உடைக்காத கட்டு வரவழைத்துப் பார்த்தார்கள். அருமைநாயகத்துக்கு முதலில் போட்டார்கள், கடைசியில் போட்டார்கள், கட்டின் அடியிலிருந்து உருவிப் போட்டார்கள். அவருடைய சீட்டை மட்டும் ஸ்டோர் கீப்பர் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். செகண்ட் கிளார்க் நாலு ஆஸையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஆட்டம் போட்டபோதும் அருமைநாயகம் இரண்டைத் திருப்பிக் காட்டினார். அலமாரியைத் திறந்தால் அங்கே இரண்டு குறைந்திருந்தது. டிரஸ்ஸர் அவர் ஆஸ் பிடித்திருக்கும்போது ஒரு தடவையும் பிடிக்காதபோது ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்றார். அத்தோடு எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று. நாலு மாதம் விடாமல் மழை பெய்கிற மலையில், ஏன் பெய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குடை எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் சிலர் கேரளா லாட்டரிச் சீட்டைக் கொண்டுவந்து அவர் கையால் தொடச் சொன்னார்கள். ஒன்றும் விழவில்லை, ஆனாலும் விழுகிற அன்றைக்கு விழும் என்று மறுவாரமும் வந்தார்கள். உபதேசியார் ஜெபக்கூடத்தில் பெயர் சொல்லாமல், அதிகம் கொடுக்கப்பட்டவனிடம் அதிகம் கேட்கப்படும் என்று அரை மணி நேரம் பேசினார். கேட்கப்பட்டவர் அந்த நேரத்தில் இரண்டாம் டிவிஷன் வடிகாலுக்குள் நின்று மண்வெட்டியால் சேறு அள்ளிக்கொண்டிருந்ததால் பிரசங்கம் அவர் காதில் விழவில்லை. வடக்கேயிருந்து புதிதாக வந்திருந்த இளம் மானேஜர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, கொழுந்து எடை குறைகிறதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அப்படியானால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மற்ற ஏழு பேருக்கும் அந்த அற்புதத்தின் மேல் பிரியமே உண்டாகிவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. அந்த இரண்டு ஆஸுக்கு நடுவிலிருந்து ஒத்தாசையாக ஒரு சீட்டும் வந்ததே இல்லை. பெரிய இடத்தில் பிறந்து உறவு ஜனம் இல்லாத பெண்ணைப் போல அவை இரண்டும் கடைசி வரை இரண்டாகவே நிற்கும். எதிரே ஏழு பேர் என்னவாவது வைத்திருப்பார்கள்; ஏழும் மூன்றும், பத்தும் இரண்டும், ஒரே நிறத்தில் இரண்டு குப்பை. அருமைநாயகம் ஆஸைப் பார்த்த மாத்திரத்தில் நெஞ்சு நிமிர்ந்து, தன்னிடம் இருப்பதைவிடப் பெரியது இந்தக் கூரைக்குக் கீழே இல்லை என்கிற முகத்தோடு டக்கென்று ஒரு விதையை முன்னால் வைப்பார். வைக்க முடிந்தது அவ்வளவுதான், பலகை அப்படி. ஒரு விதைதானே என்று டிரஸ்ஸர் வைப்பார். ஒரு விதைதானே என்று ஸ்டோர் கீப்பர் வைப்பார். எலக்ட்ரீசியன் வைப்பார், சர்வேயர் வைப்பார், செகண்ட் கிளார்க் மனக்கணக்குப் போட்டுவிட்டு வைப்பார், நாயர் பலகையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு வைப்பார். அடுத்த சீட்டு மலரும். மறுபடி ஒரு விதைதானே. ஏழு பேரில் யாராவது ஒருவருக்குக் கடைசிச் சீட்டில் இரண்டாவது ஜோடி விழும், மூன்றாவது ஏழு விழும், ஐந்தாவது ஸ்பேடு விழும். விழாத அறுவர் விழுந்தவரின் முதுகில் தட்டுவார்கள். யார் ஜெயித்தார்கள் என்பது அங்கே பெரிய விஷயமில்லை. ஆஸ் தோற்றது என்றால் ஏழு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்று அர்த்தம்.

டீமேக்கர் திருமலைச்சாமி ஒரு நாள் மூன்றும் இரண்டும் வைத்துக்கொண்டு அந்த இரண்டு ஆஸையும் அடித்தார். அந்தக் கதையை ஃபேக்டரியில் தேயிலை வாடுகிற தட்டுகளுக்கு நடுவே நின்று அவர் சொன்ன தடவைகளுக்கு அளவில்லை. கேட்கிற ஆட்களும், பெரியவரை வீழ்த்திய சின்னவரின் கதை எப்போதும் நன்றாயிருப்பதால், மறுபடியும் கேட்டார்கள். லிமிட் என்று ஒன்று இருப்பதனால்தான் சின்னவனும் பெரியவன் எதிரில் உட்கார முடிகிறது, அது இல்லாவிட்டால் பாவப்பட்டவன் எங்கே போவான் என்று நாயர் அடிக்கடி கேட்டார். அந்த மேஜையில் பாவப்பட்டவர் ஒருவர்தான் இருந்தார். அவரைப் பற்றி அந்தக் கேள்வி இல்லை.

அருமைநாயகம் ஒருமுறை, ஒரே ஒரு ஞாயிறு மாற்றிக்கொடுங்களேன், வீட்டில் கொஞ்சம் மனவருத்தம் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். ஏழு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். திருமலைச்சாமி சொன்னது மற்றவர்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் தெளிவாக இருந்தது.

"ஏனுங்க அண்ணாச்சி, ரெண்டு ஆஸ் வச்சிருக்கிறவரு வந்து ஒண்ணுமில்லாத எங்ககிட்ட கேக்கறீங்களே, இது உங்களுக்கே நாயமா இருக்குதுங்களா?"

அருமைநாயகத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவருடைய கஷ்டமே அதுதான். தன் கையில் இருப்பது நல்ல கை, நல்ல கை ஜெயித்தாக வேண்டும், இன்று இல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமை என்று அவர் நம்பினார். தோற்கிற ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தன்மேல் வந்த சந்தேகத்தைவிட ஆஸ்களின்மேல் வந்த இரக்கம் அதிகம்.

அவருடைய மனைவி எஸ்தர் கனகத்துக்கு அந்த இரக்கம் இல்லை. பதினொரு ஞாயிறு அவள் தனியாக ஜெபக்கூடத்துக்குப் போய்த் தனியாகத் திரும்பி, அட்டை கடித்த காலோடு சாயங்காலம் வந்து நின்றவருக்கு உப்பும் வெந்நீரும் எடுத்துக்கொடுத்தாள். பன்னிரண்டாவது ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். டிரஸ்ஸரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். டிரஸ்ஸர் அன்றைக்கு லீவு, வால்பாறைக்குப் படம் பார்க்கப் போயிருந்தார். புருஷனைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். அவர் எந்த டிவிஷனில் நடந்துகொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சல் விட்டதும் அவள் பொள்ளாச்சியில் இருக்கும் அண்ணன்மார் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். வந்து கூப்பிடுங்கள், வருகிறேன். போனில் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பஸ்ஸில் மூன்று மணி நேரம், நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இருபதாவது வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே போன் செய்தாள். எஸ்டேட்டில் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். அருமைநாயகம் ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாகத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு கேட்டார். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் வேலை வந்திருக்கிறது, அங்கேயே தங்கவேண்டும், திங்கட்கிழமை கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை பார்ப்பேன் என்று மட்டும் சொன்னாள்.

அவர் தன்னிடம் இரண்டு ஆஸ் இருப்பதையும், ஒரு விதையாக வைத்து வைத்து ஏழு பேரும் கூடவே வருவதையும், எவ்வளவு நல்ல கை என்று காட்டினாலும் ஒருவர்கூட விலகாததையும் முதல் முறையாக அவளிடம் விரிவாகச் சொன்னார். அவளுக்குச் சீட்டில் ராணி எது ஜாக்கி எது என்று தெரியாது. முழுக்கக் கேட்டாள். பிறகு சிரித்தாள். அவர் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால் சிரிப்பில் பாதி கேட்கவில்லை.

"வருசா வருசம் மே மாசம் உங்க சொந்தக்காரங்க குளுகுளுன்னு இருக்குன்னு வந்து ஒரு மாசம் டேரா போடுவாங்கல்ல, அவங்க எப்படிப் போனாங்கன்னு நெனைக்கீங்க?" என்றாள். அவர் லீவு முடிந்ததும் போனார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். "நீங்க என்ன செஞ்சீங்க, ஆளுக்கு ஒரு கிலோ சீனி வாங்கிட்டு வாங்கன்னீங்க. ஒரு கிலோதானேன்னு எல்லாரும் வாங்கிட்டு வந்து உக்காந்துகிட்டாங்க. மறுபடி ஒரு கிலோ அரிசின்னீங்க. அதுவும் ஒரு கிலோதானே. நான் ஒண்ணுமே கேக்கல. உங்க பெரிய அண்ணன் இருக்காகள்ல, அவுகளுக்குச் சும்மா இருக்க முடியாது. ஒரு நாள் சாப்பாட்டுல வச்சு, நாளையிலயிருந்து அவங்கவங்க பாலு அவங்கவங்க வாங்கிக்கிடணும்னு பெரிய மனுசத்தனமா சொன்னாக. அவுக வாயை மூடுறதுக்குள்ள நான் சொன்னேன், அத்தான் சொன்னது சரிதான், பாலும் வாங்கிக்கிடுங்க, வெறகும் வாங்கிக்கிடுங்கன்னு. மறுநா காலையில மொத பஸ்ஸே நெறஞ்சு போச்சு."

அவர் தொட்டியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஒண்ணு ஒண்ணா கேட்டா யாருக்கும் வலிக்காது," என்றாள் கனகம். "ரெண்டா கேக்கணும். அதுக்கு மொத ஒண்ண வேற யாராவது கேட்டிருக்கணும். நீங்க வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில், எதிரே இருப்பவர் சொல்வது உதட்டைப் பார்த்தால்தான் விளங்கும். முதல் ஆட்டத்தில் அருமைநாயகம் ஆஸ்களைப் பார்த்தார், நெஞ்சு வழக்கம்போல நிமிரப் பார்த்தது, அதைக் கீழே அமுக்கிக்கொண்டு மேஜையை விரலால் தட்டி ஒன்றுமில்லை என்றார். அடுத்திருந்தவர் விதையை எடுத்த கையோடு நின்றுபோனார். வரிசையில் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று தட்டினார்கள், ஒரு விதைகூட விழாமல் அடுத்த சீட்டு இலவசமாக மலர்ந்தது, அதிலேயே எலக்ட்ரீசியனுக்கு மூன்று எட்டு சேர்ந்துவிட்டது. யாராவது முதலில் பேசினால்தானே அதன்மேல் ஏற்றலாம். யாரும் பேசாவிட்டால் என்ன செய்வது என்று கனகம் சொல்லவில்லை. அவர் தன் இரண்டு சீட்டையும் மலர்த்தாமல் கவிழ்த்தபடியே கட்டோடு தள்ளிவிட்டார். இருபது வாரத்தில் அவர் சீட்டைக் காட்டாமல் எறிந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது ஆட்டத்திலும் அப்படியே செய்தார். மூன்றாவதிலும் செய்தார். நாலு மணி வாக்கில் கிளப்புக்குள் ஒரு துக்கம் நுழைந்திருந்தது. ஆஸ் போய்விட்டது என்று ஸ்டோர் கீப்பர் உதட்டை அசைத்து சர்வேயரிடம் சொன்னார். டிரஸ்ஸர் அருமைநாயகத்தின் கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்தம் குறைந்த மாதிரி இருக்கிறதே என்றார். நாயர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், பிறகு திறந்தார். செகண்ட் கிளார்க் தன் முன்னாலிருந்த விதைகளை எண்ணினார்; அவர் எண்ணுவதைப் பார்த்து மற்றவர்களும் எண்ணினார்கள். அற்புதம் இருந்தவரையில் யாரும் தன் விதையை எண்ணியதே இல்லை. இப்போது, இனிமேல் வருகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்களில் யாராவது ஒருவரின் ஞாயிறு போகும் என்பது ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியதால், அவர்கள் ஒருவரை ஒருவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஐந்து மணி தாண்டியபோது அருமைநாயகத்திடம் எல்லோரையும்விடக் குறைவாகப் பதினொரு விதை இருந்தது. அவருக்கு அடுத்துக் குறைவு திருமலைச்சாமி, பதினாறு. திருமலைச்சாமி அடிக்கடி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

ஐந்து பதினைந்துக்குச் சீட்டுப் போடும் முறை திருமலைச்சாமிக்கு வந்தது. போடுகிறவருக்கு இடது கைப்பக்கம் இருப்பவர் முதலில் பேசவேண்டும், போட்டவர் கடைசியில்; திருமலைச்சாமியின் இடது கைப்பக்கம் அருமைநாயகம் இருந்தார். சங்குக்குள் அதுதான் கடைசி ஆட்டம். ஆளுக்கொரு விதை விழுந்தது. நடுவில் மூன்று சீட்டு மலர்ந்தது: ஸ்பேடில் ராஜா, ஸ்பேடில் ஒன்பது, டைமண்டில் நாலு. அருமைநாயகம் கையைப் பார்த்தார். ஸ்பேடு ஒன்று, ஆர்ட்டின் ஒன்று. கனகம் வார்டன் சாவிக்கொத்தோடு ஒரு நீள வராந்தாவில் நடந்து போவது தெரிந்தது. அவர் தோளைத் தொங்கப்போட்டு மேஜையைத் தட்டினார்.

டிரஸ்ஸர் தட்டினார். ஸ்டோர் கீப்பர் தட்டினார். எலக்ட்ரீசியன், சர்வேயர், செகண்ட் கிளார்க், நாயர், எல்லோரும் தட்டினார்கள். தட்டல் சுற்றிவந்து திருமலைச்சாமியிடம் நின்றது. மூன்றையும் இரண்டையும் வைத்தே ஆஸை அடித்தவர், இப்போது கையில் ஒரு ராஜா வைத்திருந்தார், நடுவிலும் ராஜா இருந்தது, ஆஸ் செத்துப்போன மேஜையில் ராஜாவுக்கு மேல் என்ன இருக்கிறது. அப்படியிருக்க ஏழு பேர் தட்டிவிட்டுத் தன் முகத்தைப் பார்க்கும்போது தானும் தட்டுவது என்பது அவருடைய சுபாவத்திலேயே இல்லை. ஒரு விதையை எடுத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று உயரத்திலிருந்து போட்டார்.

அது உருண்டு நிற்பதற்குள் அருமைநாயகம் சொன்னார்:

"அது ஒண்ணு. மேல ஒண்ணு."

மழைச் சத்தத்தில் இது யாருக்கும் கேட்டிருக்க நியாயமில்லை. எல்லோருக்கும் கேட்டது. ஆஸ் போகவில்லை என்று உடனே தெரிந்துபோயிற்று. கிளப்பில் ஒரு நிம்மதிகூட பரவியது. அந்த நிம்மதி அடங்குவதற்குள் டிரஸ்ஸரின் முறை வந்து, இருந்தால் இரண்டு விதை கட்டவேண்டும் என்று ஆயிற்று. அவர் கையில் இரண்டு ஸ்பேடு இருந்தது. இன்னும் ஒரு ஸ்பேடு விழுந்தால் போதும். ஒரு விதை என்றால் ஒரு யோசனையும் இல்லை. ஆனால் ரெண்டாச்சே, என்றார். இருபது வாரம் ஆஸ் இருப்பது தெரிந்தே ஒன்று, ஒன்று, ஒன்று என்று எத்தனையோ வைத்தவர், சேர்ந்தாற்போல் இரண்டு வைக்கவேண்டும் என்றதும் பெண் கல்யாணத்துக்கு நகை எடுக்கிறவரைப் போல விதைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, சீட்டை எறிந்தார். ஸ்டோர் கீப்பர் அவரைப் பார்த்து எறிந்தார். எலக்ட்ரீசியனும் சர்வேயரும் யார் முதலில் எறிவது என்று ஒரு கணம் காத்திருந்து சேர்ந்தே எறிந்தார்கள். செகண்ட் கிளார்க் கணக்குப் போட்டார், கணக்கு இருக்கச் சொல்லியது, எறிந்தார். நாயரிடம் இரண்டு நாலு இருந்திருக்கவேண்டும், அல்லது ஒரு நாலு, பலகையைப் பார்த்தார், ஏற்றுவதானால் மேலே ஒன்று என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அவரும் எறிந்தார். இனி தன் ராஜாவும் அருமைநாயகமும் மட்டும்தான் என்று ஆனபோது திருமலைச்சாமி, வைத்த விதையை விட்டுப் போக மனமில்லாமல், இன்னொன்று வைத்தார்.

அடுத்த சீட்டு ஸ்பேடு. டிரஸ்ஸர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். அருமைநாயகம் ஒன்று வைத்தார், திருமலைச்சாமி ஒன்று வைத்தார். கடைசிச் சீட்டு ஒரு நாலு. நாயர் மலையாளத்தில் ஏதோ சொன்னார். மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. திருமலைச்சாமி ராஜாவைக் காட்டினார். அருமைநாயகம் இரண்டு ஆஸையும் மெல்லத் திருப்பிவைத்தார். தன்னந்தனியாக இரண்டு ஆஸ், உதவிக்கு யாரும் வராமல், ஆனால் எதிரே ஒருவர் மட்டும் நின்றதால் ஜெயித்த இரண்டு ஆஸ். சங்கு ஊதியது. திருமலைச்சாமியிடம் பதினொரு விதை இருந்தது. அதைவிடக் குறைவாக அந்த மேஜையில் யாரிடமும் இல்லை.

பிறகு அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. எறிந்த சீட்டுகளை எல்லோரும் தேடி எடுத்து மலர்த்திப் பார்த்தார்கள். டிரஸ்ஸருக்கு ஐந்து ஸ்பேடு ஆகியிருக்கும். நாயருக்கு மூன்று நாலு. செகண்ட் கிளார்க்குக்குக்கூட ஏதோ ஆகியிருக்கும். தாங்கள் ஜெயித்திருப்போம் என்பது ஒவ்வொருவருக்கும் ருசுவானதால், ஒவ்வொருவரும் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நம்பினார்கள். கையில் ஆஸை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது என்ன நாணயம் என்று டிரஸ்ஸர் கேட்டார். அங்கேயே அவசரக் கூட்டம் கூடி, இரண்டு ஆஸ் வைத்திருக்கும் உறுப்பினர் எந்த ஆட்டத்திலும் தானே முதலில் பேசிப் பந்தயம் வைக்கவேண்டும் என்று தீர்மானம் எழுதி, ஏழு பேர் கையெழுத்திட்டு, எட்டாவது கையெழுத்துக்கு அருமைநாயகத்திடம் நீட்டினார்கள். அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், வெள்ளைச் சட்டை ஈரமாக இருந்தது.

பொள்ளாச்சியில் அவர் போய் இறங்கியபோது மழை இல்லை. அது அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. மச்சான்மார் மூன்று பேரும் ஹாலில் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். கனகம் உள்ளேயிருந்து வந்து காபியை வைத்துவிட்டு, கதவோரம் நின்றாள். அருமைநாயகம் நேற்றுக் கற்ற பாடத்தோடு வந்திருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மூத்த மச்சான் மலையில் ஆஸ்பத்திரி இல்லாததைப் பற்றிப் பேசினார். நடு மச்சான் வார்டன் வேலையில் பென்ஷன் உண்டு என்றார். சின்ன மச்சான் சீட்டாடுகிறவர்களைப் பற்றிப் பொதுவாகச் சொன்னார். அருமைநாயகம் எதற்கும் மேலே ஏற்றவில்லை, யாராவது சரியானதைச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். சாப்பாடு வந்தது, இலை எடுத்தார்கள். மச்சான்மார் பேசிப் பேசிக் களைத்துத் தூங்கப் போனார்கள். மணி மூன்றானது. மலைக்குக் கடைசி பஸ் மூன்றரைக்கு. கனகம் கதவோரத்திலேயே நின்றிருந்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை. விரட்டுவதற்கு ஏழு பேர் இல்லை, ஒருவர்கூட இல்லை. கையில் இருப்பதை யாரிடமிருந்து மறைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

"கனகம், நீ இல்லாம எனக்கு முடியல," என்றார். "வந்துரு."

"இதச் சொல்ல ஆறு மணி நேரமா?" என்றாள். "நான் பயந்தே போயிட்டேன், வெறும் சாப்பாட்டுக்குத்தான் வந்தீங்களோன்னு."

பஸ் அட்டகட்டி தாண்டியதும் மழைக்குள் நுழைந்தது. அவர் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னார். அவள் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். வால்பாறையில் மாறி ஏறிய எஸ்டேட் பஸ் இரண்டாம் டிவிஷன் வளைவில் திரும்பும்போது ரோட்டோரம் தலைமேல் போர்த்திய பாலிதீன் கொங்காணியும் கையில் நோட்டுமாகத் திருமலைச்சாமி நின்றிருந்தார். ஒரு காலைத் தூக்கி மறுகால்மேல் தேய்த்து அட்டையை உதிர்த்துக்கொண்டிருந்தவர், பஸ் நின்றதும் ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்தார். கனகத்தை நலம் விசாரிக்கவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இருபது வாரத்தில் முதல் முறையாக அவர் குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

"அண்ணாச்சி, வர்ற சனிக்கிழமை ஆட வந்துருவீங்கல்லங்க?"

அருமைநாயகம் வாயைத் திறக்கப் போனார். கனகம் அவர் முழங்கையைத் தொட்டுவிட்டு, ஷட்டரை முழுக்கத் தூக்கி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"வருவாக," என்றாள். "நாயர் அண்ணன்கிட்டச் சொல்லிருங்க. எங்க வீட்டுக்காரரு ஆஸ் வச்சிருக்காகன்னு ஊருக்கே தெரியும்ல, அதனால இனிமே சீட்டுப் போடுறதுக்கு முன்னாடியே தீர்மானத்துல இருக்கிற அந்த மொத வெதய வச்சதா எடுத்துக்கிடச் சொல்லுங்க. அதுக்கு மேல ஏத்துறதுதான் இனி அவுக பேச்சு."

திருமலைச்சாமி, சரிங்க என்றார். பஸ் கிளம்பியது. அவர் மழையில் நின்றபடியே அது சரிதானா என்று யோசித்துப் பார்த்தார், எங்கோ இடித்தது, எங்கே என்று பிடிபடவில்லை; மணி ஏழானதால் நோட்டைப் பிரித்து, கொங்காணியை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வடிகால் சரி, பம்ப் சரி, பூட்டு சரி என்று எழுதினார்.